கரிசல் மண்ணில் டர்ஃப்: மழை நின்று இரண்டு நாளாகியும் தண்ணீர் வடியவில்லை

எட்டாம் நம்பர் (இழையைத் தொடங்கியவர்) | நவம்பர் 6

எல்லோருக்கும் வணக்கம். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற வழியில் எங்களுக்குக் கொஞ்சம் கரிசல் நிலம் இருக்கிறது. நானும் என் மச்சானும் சேர்ந்து போன வைகாசியில் அதில் கால்பந்து டர்ஃப் (செயற்கைப் புல் மைதானம்) போட்டோம். நீளம் 90 அடி, அகலம் 50 அடி. காலையில் ஊர்ப் பிள்ளைகள் சும்மா விளையாடுவார்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாடகைக்கு விடுகிறோம்.

ஐப்பசி மழை ஆரம்பித்ததிலிருந்து நிம்மதி போய்விட்டது. ஒரு மணி நேரம் மழை பெய்தால் இரண்டு நாள் தண்ணீர் நிற்கிறது. காலை வைத்தால் புல்லுக்கு மேலே குமிழி வருகிறது. புல்லுக்கு நடுவே தூவிய ரப்பர் துகளெல்லாம் மிதந்து ஒரே மூலையில் போய் ஒதுங்குகிறது. இரண்டு வாரமாக மாலை ஆட்டம் எல்லாம் ரத்து. போட்டுக் கொடுத்தவரிடம் கேட்டால், "மண்ணு தானா குடிச்சிரும், ஒரு வருஷம் பொறுங்க" என்கிறார். குடிக்குமா? இதே மண்ணில் அனுபவப்பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மட்டப்பலகை | நவம்பர் 6

குடிக்காது தம்பி. பத்து வருஷம் பொறுத்தாலும் குடிக்காது. ஆனால் வைத்தியம் சொல்வதற்கு முன்னால் நாலு விஷயம் தெரிய வேண்டும். எத்தனை அடி தோண்டினார்கள்? கீழிருந்து மேலாக என்னென்ன போட்டார்கள்? சுற்றிலும் பீம் இருக்கிறதா, அதில் தண்ணீர் வெளியேற ஓட்டை விட்டார்களா? வாட்டம் எந்தப் பக்கம்?

வேளச்சேரி வாசல் | நவம்பர் 7

எங்கள் வீட்டு முன்வாசலில் 200 சதுர அடிக்கு இதே மாதிரி ஆனது. கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, புல்லின் அடிப்பக்கம் வரை குத்தி நிறைய ஓட்டை போட்டேன். கொஞ்சம் பலன் தெரிந்தது. செலவில்லாத வேலைதானே, முதலில் அதை முயன்று பாருங்கள்.

எட்டாம் நம்பர் | நவம்பர் 7

மட்டப்பலகை அண்ணாச்சிக்கு: முக்கால் அடி ஜேசிபி வைத்து வழித்தார்கள். அதில் ஒன்றரை அங்குல ஜல்லி ஆறு அங்குல உயரம், அதன்மேல் கிரஷர் டஸ்ட் (கல் தூள்) மூன்று அங்குலம், ரோலர் ஓட்டி நேரே புல்லை விரித்து ஒட்டிவிட்டார்கள். நாலு பக்கமும் கான்கிரீட் பீம். ஓட்டை இல்லை. வாட்டம் கேட்டபோது, பந்து உருளும், மட்டமாக இருந்தால்தான் நல்லது என்றார்கள். தண்ணீர் டியூப் வைத்து மட்டம் பார்த்தேன், உண்மையிலேயே நல்ல மட்டம்.

மட்டப்பலகை | நவம்பர் 8

அப்படியானால் நீங்கள் கட்டியிருப்பது ஒரு தொட்டி. அடியில் கரிசல், சுற்றிலும் கான்கிரீட். நிரப்பியிருப்பது ஜல்லி, மூடியிருப்பது புல். மழை உள்ளே வர வழி உண்டு, போக வழி இல்லை.

கணக்கைப் பாருங்கள். 90க்கு 50 என்றால் 4,500 சதுர அடி, ஏறக்குறைய 418 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர். ஐப்பசி மழை ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. கொட்டுவது நம் பக்கம் புதிதில்லை. அப்படிக் கொட்டினால் உங்கள் மைதானத்தில் மட்டும் 20,900 லிட்டர் விழும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இரண்டைக் கொண்டுவந்து கவிழ்த்த மாதிரி. கரிசலோ ஊறி உப்பிய பிறகு மணிக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளே விட்டால் பெரிது. மணிக்கு ஒரு மி.மீ. என்று வைத்தால் அந்த 50 மி.மீ. இறங்க 50 மணி நேரம். நீங்கள் சொல்கிற இரண்டு நாள் அதுதான்.

ஓட்டை போடுவது பற்றி: வேளச்சேரி சார் வீட்டில் புல்லின் அடித்துணியே அடைத்திருக்கலாம், அதனால் பலன் தெரிந்திருக்கும். பெரும்பாலான டர்ஃபில் அடிப்பக்கத்தில் கம்பெனியிலேயே வரிசையாகத் துளை போட்டுத்தான் அனுப்புவார்கள். கீழே உள்ள தளம் தண்ணீர் விடாவிட்டால் மேலே எத்தனை ஓட்டை போட்டும் ஆகாது. நிறையப் போட்டால் புல்லின் பிடிமானம்தான் போகும். கால்பந்து ஆடுகிற இடத்தில் அது கூடாது.

எதைக் குற்றம் சொல்வது என்று தெரிய ஒரு சோதனை செய்யுங்கள். ஓரத்தில் ஒரு மூலையைக் கிளப்புங்கள். ஆறு அங்குல பி.வி.சி. பைப்பில் ஒரு சாண் துண்டு அறுத்து, டஸ்ட் மேல் அழுத்திச் சுற்றிலும் களிமண் பூசிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். பைப்புக்குள் 55 மி.மீ. உயரம் நிற்கும், அதாவது ஒரு பெருமழை. எத்தனை நிமிடத்தில் இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டஸ்டைச் சுரண்டி எடுத்துவிட்டு ஜல்லியில் தண்ணீர் நிற்கிறதா, நாறுகிறதா என்று பாருங்கள். பக்கத்தில் வெறும் நிலத்தில் ஓர் ஆளுயரக் குழி எடுத்து, கரிசல் எவ்வளவு ஆழம், அதற்குக் கீழே என்ன என்றும் பாருங்கள்.

எட்டாம் நம்பர் | நவம்பர் 11

செய்து பார்த்துவிட்டேன். டஸ்ட் மேல் ஊற்றிய ஒரு லிட்டர் இறங்க ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. டஸ்ட் சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடக்கிறது. அதை உடைத்து எடுத்தால் ஜல்லி முழுக்கத் தண்ணீர், முட்டை அழுகின வாடை. குழியில் ஐந்தடிக்குக் கரிசல், அதற்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் (சுண்ணாம்புக் கல்). இன்னொன்று: மேற்குப் பக்க பீமில் இரண்டு இடத்தில் விரிசல். அதை இன்றைக்குத்தான் கவனித்தேன்.

பழைய ஓவர்சியர் | நவம்பர் 12

பீம் விரிசல் என்று படித்ததும்தான் எழுதத் தோன்றியது. நீங்கள் எல்லோரும் தண்ணீரைப் பற்றியே பேசுகிறீர்கள். கரிசலில் தண்ணீர் பாதிப் பிரச்சினை, மீதிப் பாதி மண் அசைவது. சாலை வேலையில் முப்பது வருஷம் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

கரிசலில் இருக்கிற களிமண்ணின் பெயர் மான்ட்மோரில்லோனைட். தாள் தாளாக அடுக்கிய மாதிரி இருக்கும். தண்ணீர் அந்தத் தாள்களுக்கு நடுவே புகுந்து விலக்கிவிடும், மண் உப்பும். கோடையில் தண்ணீர் போனதும் சுருங்கி, கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடும். முதல் மழை அந்த வெடிப்பு வழியாக மளமளவென்று இறங்குவதைப் பார்த்துத்தான் "மண்ணு குடிச்சிரும்" என்கிறார்கள். இரண்டாவது மழைக்குள் வெடிப்பு மூடிவிடும். அப்புறம் கதவு சாத்தின மாதிரிதான்.

உங்கள் மண் எவ்வளவு உப்பும் என்று வீட்டிலேயே பார்க்கலாம். காயவைத்துப் பொடித்து, 425 மைக்ரான் சல்லடையில் சலித்த மண் பத்துப் பத்து கிராமாக இரண்டு பங்கு எடுங்கள். 100 மி.லி. அளவு கோடு போட்ட இரண்டு கண்ணாடிக் குழாயில் போட்டு, ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கலக்கி 24 மணி நேரம் வையுங்கள். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உப்பல். 50 சதவீதத்துக்கு மேலே போனால் சாதாரண மண் மாதிரி நடத்தக் கூடாது.

என் அபிப்பிராயம் இது. தண்ணீர் வடிய வழி செய்வதோடு நிற்காதீர்கள். அந்தக் கரிசலுக்கு மழை பெய்வதே தெரியக் கூடாது. எப்போதும் ஒரே ஈரத்தில் இருந்தால் அது அசையாது. பம்பாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஆர்.கே. கட்டி இதற்கென்றே ஒரு முறை கொடுத்தார்: உப்புகிற மண்ணுக்கு மேலே, உப்பாத, ஆனால் பசையுள்ள மண்ணை ஓர் அடுக்காகப் போட்டு இறுக்குவது. கால்வாய்க்கும் சாலைக்கும் அதைச் செய்கிறார்கள். அதற்கு ஏற்ற செவல் சரளை உங்கள் பக்கம் கிடைக்குமே. சாலைக் கணக்குக்குக் குறைந்தது இரண்டு அடி கேட்பார்கள். ஆடுகளத்துக்கு அவ்வளவு கட்டுப்படியாகாது. அரையடி செவலை ஈரம் பார்த்து இறுக்கி, அதன்மேல் பண்ணைக்குட்டைக்கு விரிக்கிற 500 மைக்ரான் பிளாஸ்டிக் ஷீட் போட்டால் பெரிய அளவில் காப்பாற்றும்.

மட்டப்பலகை | நவம்பர் 12

ஓவர்சியர் ஐயா சொல்வதை நான் யோசிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஷீட் போட்டால் கீழே ஒரு சொட்டுக்கூட இறங்காது. ஆகவே வாட்டமும் குழாயும் தப்பினால் இப்போது இருப்பதைவிட மோசமாகும். ஷீட் உறுதி என்றால் வெளியேறும் வழி அதைவிட உறுதியாக இருக்க வேண்டும்.

நெல்லை பயோ | நவம்பர் 13

ஜிப்சம் போட்டால் களிமண் இளகும் என்று எங்கள் தோட்டத்துக்குச் சொன்னார்கள். இதற்கு ஆகாதா?

பருத்திக்காடு | நவம்பர் 13

களர் நிலத்துக்கு ஜிப்சம் நல்லது, நாங்களும் போட்டிருக்கிறோம். அங்கே சோடியம் அதிகமாகி மண் குழைந்து கிடக்கும். ஜிப்சத்தில் உள்ள கால்சியம் அதை மாற்றி மண்ணைப் பொலபொலப்பாக்கும், வேர் இறங்கும். இங்கே ரோலர் ஓட்டி இறுக்குகிற இடத்தில் பொலபொலப்பை வைத்து என்ன செய்வது?

நான் கேட்க வந்தது வேறு. இருபதாயிரம் லிட்டரைக் குழாய் வைத்து வெளியே தள்ளப் போகிறீர்கள். யார் காட்டுக்குள்? எங்கள் நிலம் ஒரு டர்ஃபுக்கு அடுத்துத்தான் இருக்கிறது. போன வருஷம் அவர்கள் மழைத் தண்ணீரை வேலிக்கு அடியில் ஒரு பைப் போட்டு எங்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள். பூவும் பிஞ்சுமாக நின்ற உளுந்து இரண்டு நாள் தண்ணீரில் நின்று பழுத்துப் போனது. தண்ணீர் வற்றின பிறகு சால் முழுக்கக் கறுப்பு ரப்பர் துகள். கையால் பொறுக்க முடியாது, உழுதால் இன்னும் கலக்கும். அது மக்குகிற பொருளும் இல்லை. உங்களைக் குறை சொல்லவில்லை தம்பி, நீங்கள் இன்னும் எதுவும் செய்யவில்லை. செய்வதற்கு முன்னால் கீழ்ப்பக்கத்துக்காரரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசுங்கள்.

எட்டாம் நம்பர் | நவம்பர் 14

அக்கா, நீங்கள் எழுதியது மனதில் நிற்கிறது. கிழக்கே 150 அடி தள்ளி ஓடை இருக்கிறது, எங்கள் நிலத்தைவிட நாலடி பள்ளம். நடுவில் பெரியப்பா மகன் காடு. பேசுகிறேன். ரப்பர் துகள் வெளியே போகாமல் இருக்க வழி இருக்கிறதா?

மண் சோதனையும் செய்தேன். மண்ணெண்ணெயில் 10 மி.லி., தண்ணீரில் 18. எண்பது சதவீதம்.

ஊற்றுக்கண் | நவம்பர் 14

ஐந்தடியில் சுக்கான் என்றால் ஓடை வரை எதற்குப் போக வேண்டும்? மைதானத்துக்குள்ளேயே பத்துப் பன்னிரண்டு இடத்தில் ஆகர் (துளை போடுகிற கருவி) வைத்து ஏழடி துளை போட்டு ஜல்லி நிரப்புங்கள். தண்ணீர் சுக்கானில் இறங்கிவிடும். நிலத்தடி நீரும் ஊறும்.

பழைய ஓவர்சியர் | நவம்பர் 15

தயவுசெய்து மைதானத்துக்குள் செய்யாதீர்கள். சுக்கான் வாங்கும், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு துளையும் ஐந்தடி கரிசலைத் தாண்டித்தான் கீழே போகிறது. துளையைச் சுற்றியுள்ள கரிசல் ஊறி உப்பும், தள்ளி இருப்பது உப்பாது. ஆறு மாதத்தில் மைதானம் அலை அலையாக நிற்கும். சுக்கானை எட்டாத துளையோ வெறும் தம்ளர், நிறைந்ததும் நின்றுவிடும். உறிஞ்சு குழி வேண்டுமென்றால் மைதானத்திலிருந்தும் விளக்குக் கம்பத்து அடித்தளத்திலிருந்தும் நன்றாகத் தள்ளி, ஒன்றே ஒன்று, வண்டல் தொட்டியைத் தாண்டி வையுங்கள்.

மட்டப்பலகை | நவம்பர் 16

சரி, எல்லாம் சேர்த்து ஒரு வழி சொல்கிறேன்.

புல்லைக் கிழிக்காமல் எடுக்கலாம். 13 அடி அகலச் சுருளாகத்தான் வந்திருக்கும், உங்களுக்கு ஏழு வரிசை. முதலில் மணலையும் ரப்பரையும் பிரஷ் வைத்துத் தள்ளிச் சாக்கில் கட்டுங்கள், இல்லாவிட்டால் சுருட்டவே முடியாத கனம் இருக்கும். டஸ்டை ஒரு பக்கம், ஜல்லியை ஒரு பக்கம் எடுங்கள். ஜல்லியைக் கழுவினால் திரும்பப் பயன்படும். டஸ்ட் வேண்டவே வேண்டாம்.

பிறகு மண்ணுக்கே வாட்டம் கொடுக்க வேண்டும். இதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். அடியை மட்டமாக விட்டுவிட்டு மேலே மட்டும் சரிவு கொடுப்பார்கள். நடுவில் முதுகு வைத்து இரண்டு பக்கமும் நூற்றுக்கு ஒன்று. 25 அடிக்கு மூன்று அங்குலம் வரும், ஆடுகிறவன் காலுக்குத் தெரியாது. இரண்டு நீளப் பக்கத்திலும் வாய்க்கால் வெட்டி, துளையிட்ட நாலு அங்குலக் குழாய், துளை கீழ்ப்பக்கம் பார்த்து. மேற்கிலிருந்து கிழக்கே அதே நூற்றுக்கு ஒன்று, 90 அடிக்கு ஏறக்குறைய 11 அங்குலம் இறக்கம். குழாயைத் துணியால் சுற்றாதீர்கள், களிமண் நாட்டில் துணி சீக்கிரம் அடைத்துவிடும். வாய்க்கால் முழுவதற்கும் ஜியோ துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கிற துணி) விரித்து, கழுவின முக்கால் அங்குல ஜல்லியைப் போட்டு, அதன் நடுவில் குழாயை வையுங்கள்.

செவல், ஷீட் எல்லாம் ஐயா சொன்னபடி. ஷீட் வாய்க்காலுக்குள்ளும் மடிந்து இறங்க வேண்டும், பீமுக்கு வெளியே நாலடி நீண்டிருக்க வேண்டும். அதன்மேல் ஜியோ துணி, ஜல்லி குத்தாமல் இருக்க. அப்புறம் முக்கால் ஜல்லி ஆறு அங்குலம், அதற்கு மேல் கழுவின சிப்ஸ் (பொடி ஜல்லி) இரண்டு அங்குலம். கழுவின ஜல்லியில் பத்துக்கு நாலு பங்கு வெற்றிடம். ஆறு அங்குலத்தில் 60 மி.மீ. மழை ஒளிந்துகொள்ளும். குழாய் நிதானமாக இழுத்துக்கொண்டே இருக்கும். நாலு அங்குலக் குழாய் இந்த வாட்டத்தில் நிறைந்து ஓடினால் விநாடிக்கு 7 லிட்டர் கிட்டத் தள்ளும், உங்களிடம் அப்படி இரண்டு. கிழக்கு முனையில் இரண்டும் சேர்கிற இடத்திலிருந்து ஆறு அங்குலக் குழாயாக மாற்றுங்கள்.

ரப்பருக்கு: சேர்கிற இடத்தில் மூன்றடிக்கு மூன்றடி தொட்டி கட்டுங்கள். வெளியேறும் குழாயை மேலே வைத்தால் மிதக்கிற துகள் போய்விடும். ஆகவே அதன் வாயை எல்-போ (வளைவு) போட்டுத் தண்ணீருக்குள் கீழ்நோக்கித் திருப்புங்கள், முன்னால் மெல்லிய எஃகு வலை. மாதம் ஒரு தடவை அள்ளிப் போட வேண்டும். ரப்பரையே குறைத்து மணலைக் கூட்ட முடியுமா என்றும் யோசியுங்கள். ஐரோப்பாவில் 2031 அக்டோபருக்குப் பிறகு இந்தத் துகளை மைதானங்களுக்கு விற்கவே தடை.

கடைசியாக, முழு மட்டத்தையும் சுற்று நிலத்தைவிட அரையடி உயர்த்துங்கள். இப்போது அக்கம்பக்கத்துத் தண்ணீருக்கும் உங்கள் மைதானம்தான் பள்ளம்.

எட்டாம் நம்பர் | நவம்பர் 16

செய்கிறேன் அண்ணாச்சி. பங்குனி, சித்திரையில் மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஆரம்பிக்கலாமா?

பழைய ஓவர்சியர் | நவம்பர் 17

வேண்டாம். வெடித்துக் கிடக்கும்போது மூடினால், பின்னால் எங்கிருந்தாவது ஈரம் ஏறும்போது முழு உப்பலும் மைதானத்தைத் தூக்கும். தை பிற்பாதியில், மாசியில் செய்யுங்கள். மழை நின்று, சேறு போய், மண்ணுக்குள் ஈரம் மட்டும் இருக்கும். கையில் உருட்டினால் உருள வேண்டும், ஒட்டக் கூடாது. அந்த ஈரத்தில் இறுக்கி அதே ஈரத்தோடு ஷீட்டால் மூடிவிடுங்கள்.

வேளச்சேரி வாசல் | நவம்பர் 19

இவ்வளவையும் படித்த பிறகு என் முன்வாசலுக்குக் கேட்கிறேன். 200 சதுர அடிக்கும் இத்தனை வேலை தேவையா? எங்களுடையதும் களிமண்தான், ஏரி மண்.

மட்டப்பலகை | நவம்பர் 19

தேவையில்லை சார். தெருப்பக்கம் இரண்டு அங்குலம் வாட்டம், நாலு அங்குலம் கழுவின முக்கால் ஜல்லி, அதன்மேல் சிப்ஸ், ஓரத்தில் ஒரே ஒரு துளைக்குழாய். அதை உங்கள் மழைநீர் சேகரிப்புத் தொட்டியில் விடுங்கள். வீட்டுச் சுவரை ஒட்டிக் களிமண்ணில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும்.

எட்டாம் நம்பர் | மார்ச் 4

வேலை முடிந்தது. மாசியில் பாதிக்கு மேல் அதிலேயே போனது. பெரியப்பா மகனிடம் பேசினேன். காட்டுக்கு அடியில் இரண்டடி ஆழத்தில் குழாய் போகட்டும், உழவுக்கு இடைஞ்சல் இல்லாமல் இருந்தால் சரி என்றான். நாலு மூட்டை ரப்பரைத் திரும்பப் போடவில்லை, மணல் கூட்டியிருக்கிறோம். பழைய ஜல்லியைக் கழுவியதில் மட்டும் நாலு நாள் போனது. ஒவ்வொரு கூடையிலும் டஸ்ட் கூழாக வடிந்தது. புல்லைத் திரும்ப விரிப்பதற்கு முன்னால் அதே பைப் துண்டை சிப்ஸ் மேல் வைத்து ஒரு லிட்டர் ஊற்றினேன். ஊற்றி முடிப்பதற்குள் காணவில்லை.

பருத்திக்காடு | மார்ச் 5

சந்தோஷம் தம்பி. ஒன்று சொல்ல விட்டுப்போனது. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பெய்ததே, அந்த இரண்டு நாளும் நம் பக்கத்து ஓடைகள் எல்லாம் கரை மீறித்தான் போயின. ஓடை நிறைந்தால் தண்ணீர் உங்கள் குழாய் வழியே திரும்பி வரும். முனையில் ஒரு பக்கம் மட்டும் திறக்கிற மூடி போட்டீர்களா?

எட்டாம் நம்பர் | மார்ச் 5

போடவில்லை அக்கா. இந்த வாரமே போடுகிறேன்.

எட்டாம் நம்பர் | அக்டோபர் 29

நேற்று ராத்திரி நல்ல மழை. வாளி வைத்து அளந்தேன், ஒன்றரை மணி நேரத்தில் 62 மி.மீ. குடை பிடித்துக்கொண்டு வேலிப் பக்கமே நின்றேன். மழை பெய்யும்போது கோல் கம்பத்துக்குக் கீழே மட்டும் லேசாகப் பளபளத்தது. நின்று கால் மணி நேரத்தில் அதுவும் இல்லை. தொட்டியில் இரண்டு குழாயும் வாய் நிறைய ஊற்றிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தைக் கேட்க மச்சானைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டி வந்தேன். காலை ஆறு மணிக்குப் பிள்ளைகள் ஆடினார்கள். ஓடை முனையில் போய்ப் பார்த்தேன், ரப்பர் துகள் கண்ணுக்குப் படவில்லை. வலையில் இரண்டு கை அள்ளினேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. தென்மேற்கு மூலை ஓர் அங்குலத்துக்குக் கிட்ட இறங்கியிருக்கிறது. கோடையிலேயே ஆரம்பித்துவிட்டது, மழையில் வரவில்லை. மற்ற மூன்று மூலையும் வைத்த மட்டத்தில் அப்படியே இருக்கின்றன.

பழைய ஓவர்சியர் | அக்டோபர் 29

அந்த மூலைக்குப் பக்கத்தில் பெரிய மரம் ஏதும் நிற்கிறதா? வேர் கோடையில் ஷீட்டுக்கு அடியில் போய் ஈரத்தை உறிஞ்சினால் கரிசல் அங்கே மட்டும் சுருங்கும். மரத்தை வெட்ட வேண்டாம். நடுவில் நாலடி ஆழத்துக்கு வாய்க்கால் எடுத்து, மிச்சமிருக்கிற ஷீட்டைச் செங்குத்தாக இறக்கினால் வேர் அந்தப் பக்கமே நிற்கும்.

எட்டாம் நம்பர் | அக்டோபர் 29

நிற்கிறது ஐயா. தாத்தா வைத்த வேம்பு, வேலியிலிருந்து எட்டு அடி. ஷீட் ஒன்பது மீட்டர் மிச்சம் கிடக்கிறது. விடிந்ததும் அளந்து படம் போடுகிறேன்.